ஓடுகிற வாட்ச் எல்லாம் நல்ல வாட்ச் இல்லை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய பொருள்கள்தான். தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்குவாளி, பெண்டுலம் கடிகாரம். கைக்கடிகாரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதில் பழைய நாணயங்களுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில் வார் இல்லாமல் நாலைந்து வாட்ச் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் கடைக்காரர் அதை வாங்கி, நாலு சுற்று சாவி கொடுத்து, காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டுவார். “ஓடுதுங்க.”

பழைய வாட்ச் வாங்குகிறவர்களில் பலர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். வீட்டுப் பெட்டகத்திலிருந்து தாத்தா காலத்து வாட்சை எடுத்துக் கட்டுகிறவர்களும் அதை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஓடுகிறதா, சரி, நல்ல வாட்ச். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்கள் ஐயாவின் வாட்ச் கைக்கு வரும்வரை.

அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவரை எங்கள் பக்கம் ஐயா என்போம். மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர் அவர். பினாங்கில் வாங்கிய ஸ்விஸ் வாட்ச் ஒன்று வைத்திருந்தார். 17 ஜுவல், தினமும் சாவி கொடுக்கிற வகை. அவர் காலமான பிறகு அப்பத்தா அதை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்கு வளவு நிறையச் சொந்தம் கூடியிருந்தபோது அதை வெளியே எடுத்தோம். சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கியது. அப்பத்தா அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் கையில் கட்டிவிட்டார். ஒன்றரை வருஷம் தினமும் கட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் நின்றே போயிற்று.

அது ஏன் நின்றது என்று புரிய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பேட்டரி இல்லாத மெஷின் வாட்சுக்குள் இருப்பது சுருட்டி வைத்த வில். சாவியைத் திருகும்போது ஒரு வட்ட டப்பாவுக்குள் இருக்கும் நீளமான எஃகுப் பட்டை இறுகச் சுருண்டுகொள்கிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். அது விரியப் பார்க்கிறது. அந்த விசை பல்சக்கரங்கள் வழியாகக் கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேர்கிறது. தடுக்க ஆள் இல்லையென்றால் ஒரு நாள் முழுக்கப் போதுமான சாவி சில நொடிகளில் தீர்ந்துவிடும். தடுப்பது நங்கூரம் போன்ற ஒரு சின்னத் துண்டு. அதன் இரண்டு கையிலும் கல் நகம் பதித்திருக்கும். அது கடைசிச் சக்கரத்தின் ஒரு பல்லைப் பிடிக்கும், விடும், அடுத்த பல்லைப் பிடிக்கும். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தாளம் போடுவது பேலன்ஸ் வீல்.

நம் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரத்தில் அந்த வேலையை ஊசல் செய்கிறது. ஊசலைத் திரும்ப இழுப்பது பூமியின் ஈர்ப்பு. ஆனால் ஆடும் கையில் ஊசலைக் கட்ட முடியாதே. 1656-இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானிதான் 1675-இல் அதற்கும் வழி சொன்னார். ஒரு சின்னச் சக்கரம், அதன் நடுவே கோலத்துச் சுழி போல ஒரு மெல்லிய ஸ்பிரிங். சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். தலைமுடியைவிட மெல்லிய அந்த ஸ்பிரிங்தான் ஹேர் ஸ்பிரிங். இன்று நீங்கள் கடையில் வாங்கும் புது மெஷின் வாட்சிலும் அதே ஏற்பாடுதான் ஓடுகிறது.

நமக்குக் கேட்கும் டிக் சத்தம் அந்தக் கல் நகத்தில் பல் வந்து மோதும் சத்தம். எச்.எம்.டி. ஜனதாவில் அது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை. கை அசைவில் தானாகச் சாவி ஏறும் சாதாரண ஜப்பான் ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலும் 21,600. பல ஸ்விஸ் வாட்சுகளில் 28,800. குறைவாக அடிக்கும் ஜனதாவே ஒரு நாளைக்கு 4,32,000 முறை அடிக்கிறது. நாம் உறங்கும்போதும் அது நிற்பதில்லை. இத்தனை ஓட்டத்தையும் தாங்குவது இரண்டு பொருள்கள்: கல், எண்ணெய்.

கல் என்றதும் வைரம், மாணிக்கம் என்று விலை கேட்காதீர்கள். டயலில் 17 ஜுவல்ஸ் என்று போட்டிருப்பது செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் 1902-இல் உலகுக்கு அறிவித்த முறையில் உருக்கி வளர்ப்பது. நகைக்கடையில் அதற்கு மதிப்பில்லை. வாட்சுக்குள் அதன் மதிப்பே வேறு. சக்கரங்களின் எஃகு முனைகள் சுழல்வது இந்தக் கல்லில் துளைத்த குழிக்குள்தான். பேலன்சுக்கு 5, நங்கூரத்தின் நகங்களுக்கும் முனைகளுக்கும் சேர்த்து 4, மற்ற நாலு சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக 8. ஆக 17. சாவி கொடுக்கிற வாட்சுக்கு அது நிறைவான எண்ணிக்கை. ஆட்டோமேட்டிக் என்றால் தானாகச் சாவி ஏற்றும் பகுதிக்கும் கல் வேண்டும், அதனால் 21, 24, 25 என்று போகும். அதற்கு மேல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 1960-களில் 100 ஜுவல் என்று போட்டும் வாட்ச் வந்தது. அவற்றில் பாதிக்கு மேல் அலங்காரம்.

எண்ணெய்தான் என் கதையின் மையம். பேலன்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைச் சுற்றி ஒரு துளியில் துளி எண்ணெய். அது வழிந்து ஓடாமல் நிற்பதற்கென்றே கல்லின் மேல்புறத்தைக் கிண்ணம் போலக் குடைந்திருப்பார்கள். வேகமாக ஆடும் பேலன்சுக்கு நீர்த்த எண்ணெய், மெதுவாகச் சுற்றும் பெரிய சக்கரத்துக்குக் கெட்டியானது, ஸ்பிரிங் டப்பாவுக்குக் கிரீஸ் என்று ஒரே வாட்சுக்குள் மூன்று நான்கு வகை போகும். காலப்போக்கில் இந்த எண்ணெய் காய்ந்து பிசின் போல ஆகிவிடும். வாட்ச் ஓடினாலும் காயும், பெட்டகத்தில் சும்மா இருந்தாலும் காயும். பூட்டி வைத்த வீடு என்ன ஆகும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நின்றுபோன வாட்சைக் காரைக்குடியில் ஒரு பழைய ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. பின்மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் லென்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“அந்த நடுச் சக்கரத்துக் கல்லைப் பாருங்க தம்பி. சுத்தி என்ன தெரியுது?”

சிவப்புக் கல்லைச் சுற்றி ஒரு வளையம். செம்மண் தூள் ஒட்டியது போல இருந்தது. பெட்டகத்தில் எப்படி மண் போயிருக்கும் என்று கேட்டேன்.

“மண்ணு இல்ல தம்பி. அந்தச் சக்கரத்தோட முனை. எண்ணெய் இல்லாம ஓடி ஓடி அரைஞ்சு, இரும்புத் தூளாகித் துரு ஏறிக் கெடக்கு. எவ்வளவு நாளா கட்டுறீங்க?”

ஒன்றரை வருஷம் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முப்பது வருஷம் பெட்டகத்தில் கிடந்தபோது அந்தச் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஆசையாகக் கட்டிய ஒன்றரை வருஷத்தில்தான் அது தேய்ந்தது. மெயின் ஸ்பிரிங்கின் விசை பெரியது. காய்ந்த எண்ணெயையும் தேயும் முனையையும் தாண்டி அது சக்கரங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாழாகிக்கொண்டிருக்கும் வாட்சும் காதில் வைத்தால் நன்றாக ஓடுவது போலக் கேட்கிறது. பெட்டகத்திலிருந்து பழைய வாட்சை எடுக்கிற எல்லோரையும் இது ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: எடுத்தவுடன் முழுச் சாவி கொடுத்துக் கட்டாதீர்கள். ஆசைக்கு நாலு சுற்று கொடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கட்டுவது சர்வீஸ் முடிந்த பிறகு.

ஓடுகிறது என்பதற்கும் நன்றாக ஓடுகிறது என்பதற்கும் இடையே அளவுகோல் உண்டு. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால், ஆரோக்கியமான வாட்சின் பேலன்ஸ் வீல் நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு 270 டிகிரியோ அதற்குச் சற்று மேலோ சுழலும். பழைய மெஷினுக்கு 250 என்றாலும் குறையில்லை. 200-க்குக் கீழே போனால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு ஏறியிருக்கிறது என்று பொருள், நேரம் சரியாகவே காட்டினாலும். டைம்கிராஃபர் என்ற கருவி டிக் சத்தத்தைக் கேட்டே இந்த அலைவையும் நாளுக்கு எத்தனை நொடி முன்னே பின்னே போகிறது என்பதையும் சொல்லிவிடும். இப்போது சின்ன ஊர்களில்கூட நல்ல ரிப்பேர்காரர்கள் அதை வைத்திருக்கிறார்கள். பழைய வாட்ச் விற்பவரிடம் “அதில் வைத்துக் காட்டுங்கள்” என்று கேட்பதில் தவறே இல்லை.

துல்லியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் டோக்கியோவில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வகையில் முதல் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 5 முறை, 8 முறை அடிக்கும் மெஷின் அதோடு போட்டி போட முடியாது. துல்லியத்துக்குச் சான்று தரும் சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வ குரோனோமீட்டர் சோதனையே நாளுக்குச் சராசரியாக 4 நொடி பிந்துவதிலிருந்து 6 நொடி முந்துவது வரை அனுமதிக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடி. பழைய ஜனதா 20 நொடி தப்பினாலும் அது ஆயிரத்தில் ஒரு பங்கின் கால்வாசிகூட இல்லை. பேட்டரி இல்லாமல், வெறும் வில்லையும் பல்சக்கரத்தையும் வைத்து இந்த அளவுக்கு நேரத்தைப் பிடித்திருக்கிறார்களே என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

சரி, பழைய வாட்ச் வாங்கப் போகிறீர்கள். நம் பக்கம் அதிகம் கிடைப்பது எச்.எம்.டி., வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசு அதன் வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. அதற்குப் பிறகு அதன் ஜனதா, பைலட் மாடல்களுக்கு ஒரு தனி மவுசு வந்துவிட்டது. மவுசு வந்தால் ஒட்டுவேலையும் வரும். பழைய மெஷினை எடுத்து, புதிதாகப் பெயிண்ட் அடித்த டயலைப் போட்டு, கிடைத்த முள்ளைச் சேர்த்து விற்கிறார்கள். கம்பெனி ஒருநாளும் போடாத ஆரஞ்சு, பளீர் பச்சை நிறங்களில் ஐம்பது வயது வாட்ச் ஒன்று முகம் கழுவியது போல மின்னினால் சந்தேகப்படுங்கள். எழுத்தின் ஓரம் தடித்து மொத்தையாக இருக்கிறதா, நிமிஷக் கோடுகள் 12-க்கு நேராக நிற்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த அசல் டயல் எனக்குப் புது டயலைவிட மேல். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று மட்டும் எழுதியிருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அர்த்தம். உடம்பு பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. வியர்வை பட்டுப் பூச்சு உரிந்த இடம் வாரைக் கழற்றினால் தெரியும்.

இருட்டில் ஒளிர்வதற்காக எண்களில் மஞ்சளாகப் பூசிய மிகப் பழைய டயல் என்றால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளி விடாது. ஆனால் கதிர்வீச்சு நிற்காது, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடியைக் கழற்றி அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. வீட்டில் குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

முடிந்தால் பின்மூடியைத் திறக்கச் சொல்லி அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். சர்வீஸ் செய்கிறவர்கள் ஊசியால் தேதியோ தங்கள் குறியோ கீறி வைப்பது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். பளபளப்பான டயலைவிட அந்தக் கீறல்களை நான் நம்புவேன்.

புது வாட்ச் என்றால் கதை வேறு. மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கிறவர்கள் பெயரையும் கேஸின் பளபளப்பையும் பார்க்கிறார்கள். உள்ளே என்ன மெஷின் என்று யாரும் கேட்பதில்லை. சீக்கோவின் என்.எச்.35, சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா, ஸ்விஸ் ஈட்டா 2824, அதன் வழியில் வந்த செலிட்டா போன்றவை பல கம்பெனி வாட்சுகளுக்குள் போகும் மெஷின்கள். பரவலாக ஓடுவதால் ரிப்பேர்காரர்களுக்குப் பழக்கம், பாகமும் கிடைக்கும். இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். அந்தக் கம்பெனியில் மட்டுமே திறக்கக்கூடிய மெஷின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சர்வீசுக்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கோ அதற்கு அப்பாலோ அனுப்ப வேண்டியிருந்தால் நாலு வருஷம் கழித்து அது மேஜை டிராயரில்தான் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருவதானால், உத்தரவாத அட்டை இங்கேயும் செல்லுமா, அதில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஓசூர் டைட்டனும் இப்போது ஆட்டோமேட்டிக் செய்கிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய அந்தக் கம்பெனி முதலில் குவார்ட்ஸை வைத்துத்தான் வளர்ந்தது.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. 30 மீட்டர் என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஊருணியில் இறங்கிக் குளிக்க 100 மீட்டராவது வேண்டும். அதுவும் ரப்பர் வளையம் நல்ல நிலையில் இருந்தால்தான். வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் இறுகிப்போகும், ஒவ்வொரு சர்வீசிலும் மாற்றச் சொல்லுங்கள். வியர்வையின் உப்பு நல்ல ஸ்டீலையும் மெல்லக் குழி விழ வைக்கும். உலோக அரிமானத்தைப் பற்றி ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியிலேயே 1953 முதல் இருக்கிறது. ஆனாலும் சித்திரை வெயிலில் கட்டிய வாட்சை இரவில் ஈரத்துணியால் துடைத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. தோல் வாரை வெயில் மாதங்களில் கழற்றிவிடுவதே நல்லது.

வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிஷம் முந்தினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குட்டையாகிவிடுவதால் பேலன்ஸ் வேகமாக ஆடும். ஸ்பீக்கர் மேல், போனின் காந்த உறை பக்கத்தில் வைத்தாலே போதும், ஏறிவிடும். கடையில் ஒரு நிமிஷத்தில் இறக்கிவிடலாம். தேதி காட்டும் வாட்சில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் சாவியை இழுத்துத் தேதி மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோர்த்திருக்கும், முறிந்துவிடும்.

வாட்சைக் கையிலிருந்து கழற்றிய பிறகு சாவி கொடுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு வளையும். காலையில் ஒரே நேரத்தில், இறுக்கம் தெரியும்வரை. அதோடு நிறுத்துங்கள். “சாவி அதிகமாகக் கொடுத்துக் கெடுத்துவிட்டான்” என்று ஊரில் பேசுவார்கள். முழுச் சாவியோடு நிற்கும் வாட்ச் அதிகச் சாவியால் நிற்பதில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்து, அந்த முழு விசையாலும் தள்ள முடியாமல் நிற்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அதிகச் சாவி என்ற பேச்சே இல்லை, நிறைந்ததும் ஸ்பிரிங் உள்ளுக்குள் வழுக்கிக்கொள்ளும்.

சர்வீஸ் என்றால் முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெய் இட்டு, மறுபடி கோர்ப்பது. பிரிக்காமலேயே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவதையும் சர்வீஸ் என்று சொல்லும் கடைகள் உண்டு. அந்த எண்ணெய் கிண்ணத்தில் நிற்காது, பரவி ஹேர் ஸ்பிரிங்கில் ஏறும். கொடுப்பதற்கு முன் “முழுசாகப் பிரிப்பீர்களா?” என்று கேளுங்கள். தினமும் கட்டும் வாட்சுக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வேண்டும். இப்போதைய செயற்கை எண்ணெய்கள் கூடுதலாகத் தாங்குவதால் பத்து ஆண்டு வரை சொல்லும் கம்பெனியும் உண்டு.

ஐயாவின் வாட்சுக்கு அதே மெஷினுள்ள வேறொரு பழைய வாட்சிலிருந்து சக்கரம் தேடிப் போட வேண்டியிருந்தது. மூன்று மாதம் ஆயிற்று. வாங்கப் போன அன்று ரிப்பேர்காரர் பின்மூடியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய எண்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. 58, 62, 67, 71. ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து.

“உங்க ஐயா தவறாமப் பாத்திருக்காரு” என்றார்.

71-க்குக் கீழே வெறுமையாக இருந்தது. அங்கே அவர் 09 என்று கீறினார். இப்போது அதற்கும் கீழே 14, 19, 24 இருக்கின்றன.